பூவரசங் கட்டில்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கின்றான். 60 ஆண்டுகள் வாழ்ந்தவன் 20 ஆண்டுகளைக் கண் மூடியே கடந்திருப்பான். அத்துணை நீண்ட காலம் தன்னைத் தாங்கிக் கிடக்கும் பொருளைப்பற்றி அவன் எண்ணிப் பார்ப்பதோ மிகச் சிறிது. உண்ணும் உணவைப்பற்றி ஆயிரம் பேசுவோம். உடுக்கும் உடையைப்பற்றிப் பதினாயிரம் பேசுவோம். கட்டிலைப்பற்றி யாரும் பேசுவதில்லை.

மொழிகளோ அதனை மறக்கவில்லை. அரபு மொழியில் கட்டிலுக்கு 'ஸரீர்' என்று பெயர். மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஸுரூர்' என்னும் சொல்லும், இரகசியத்தைக் குறிக்கும் 'ஸிர்ரு' என்னும் சொல்லும் அதே மூவெழுத்து வேரினவே. திருக்குர்ஆனின் அருஞ்சொற்களுக்கு அகராதி வகுத்த இமாம் ராகிப் அல் இஸ்ஃபஹானீ அவர்கள், வசதி வாய்ந்தோர் அமரும் இருக்கையாதலின் ஸரீர் என்பது ஸுரூரிலிருந்து வந்தது என்று விளக்கம் தருகின்றார். அவ்வளவோடு அவர் நிறுத்தவில்லை. மய்யித்தைச் சுமந்து செல்லும் சந்தூக்கையும் அரபியர் ஸரீர் என்றே அழைப்பர். வடிவம் ஒத்திருப்பது ஒரு காரணம். இறந்தவர் தம் இறைவனின் அண்மையை அடைந்து மகிழ்வார் என்னும் நல்லெண்ணம் மற்றொரு காரணம் என்கின்றார் இமாமவர்கள்.

தமிழிலும் இவ்வாறே. கட்டில் என்பது படுக்கை மட்டுமன்று. 'அரசு கட்டில்' என்றால் அரியணை. முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் ஏறித் துயின்ற மோசிகீரனார் என்னும் புலவருக்குச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை தானே கவரி வீசி நின்ற செய்தி புறநானூற்றில் உள்ளது. வெட்டுண்டிருக்க வேண்டிய புலவர் விசிறப்பட்டார். ஆங்கிலத்தில் கட்டிலுக்கு வழங்கும் 'காட்' என்னும் சொல்லும் ஆங்கிலேயர் இந்நாட்டிலிருந்து எடுத்துச் சென்றதுதான். இந்திக்காரர் வழங்கும் சொல்லை அவர்கள் கொண்டனர். அதற்கு மூலமான வடசொல்லோ நம் கட்டிலோடு உறவுடையது என்று கருதும் அறிஞர் உளர்.

அரபும் தமிழும் ஓதிக் கொடுத்து வயிறு வளர்க்கும் யாம் இச்சொற்களின் பின்னால் அலைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எம் அன்னையாருக்கு ஒரு கட்டில் தேவைப்பட்டது.

உம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் பாயில் படுத்தவர். முழங்கால் மூட்டுகள் இரண்டும் தேய்ந்துபோனபின், தரையிலிருந்து எழுவது அவருக்குப் பெரும்பாடாயிற்று. ஒருக்களித்து, ஒரு கையை ஊன்றி, மறு கையால் சுவரைப் பற்றி, முழந்தாளிட்டு எழ வேண்டும். எழுந்து நிற்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். தஹஜ்ஜுதுத் தொழுகையை விடாதவர் அவர். நடுநிசியில் யாரையேனும் எழுப்பித் தம்மைத் தூக்கிவிடச் சொல்வதற்கு அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். படுப்பதையே நிறுத்திவிட்டார். இஷாத் தொழுத நாற்காலியிலேயே சுவரில் தலையைச் சாய்த்து அமர்ந்தபடி இரவைக் கழிக்கலானார். "இப்படி உட்கார்ந்தே கண்ணயர்ந்தால் இடுப்புக்குச் சுகமாக இருக்கிறது" என்று எங்களிடம் சொல்லியும் வந்தார். கால்கள் வீங்கத் தொடங்கியபோது மருத்துவர்தாம் கண்டறிந்து சொன்னார்: "அம்மா கால் நீட்டிப் படுக்கவேண்டும். தரையில் வேண்டா, கட்டிலில்."

வெளிநாட்டில் இருக்கும் எம் இளவல் அன்றே தொலைபேசியில் பேசினார். "பணம் அனுப்புகிறேன் காக்கா, கடையில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்" என்றார். அவர் அன்பில் குறையில்லை. யாமும் கடைகளுக்குச் சென்றோம். பளபளக்கும் கட்டில்கள் பல கண்டோம். அடியில் இழுப்பறை வைத்தவை, தலைமாட்டில் கண்ணாடி பதித்தவை, மரத்தூளை அழுத்திப் பலகையாக்கி மேலே மரவரி அச்சிட்ட தாளை ஒட்டியவை. மெத்தையையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானவை 22 அங்குலத்துக்குக் குறையாத உயரம். எம் அன்னையார் குள்ளமானவர். உட்கார்ந்தால் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை 15 அங்குலமே. அக்கட்டில்களில் அமர்ந்தால் அவருடைய பாதம் தரையில் பாவாது. பாதம் பாவாமல் எழுபவர் வழுக்கி விழுவார். தாழ்ந்த பாயிலிருந்து எழ இயலாதவரை உயர்ந்த கட்டிலிலிருந்து விழச்செய்வது என்ன மருத்துவம்?

இரும்புக் கட்டிலும் நாடாக் கட்டிலும் பார்த்தோம். நாடாக் கட்டிலும் கயிற்றுக் கட்டிலும் காற்றோட்டத்துக்கு நல்லவை. வாசலில் போட்டு மாலையில் சாய்ந்திருக்க அவற்றை மிஞ்சியது இல்லை. ஆனால் நாளடைவில் நடுப்பகுதி தொய்ந்து குழிவிழும். குழிக்குள் கிடக்கும் முதியவர் எழுவதற்கு மிகுந்த வலிமை வேண்டும்.

உம்மாவிடமே கேட்டோம். அவர் சிரித்தார். "எனக்கு எதுக்கு வாப்பா கட்டிலு? சந்தூக்குல ஏத்துற அன்னைக்கி ஏறிக்கிட்டாப் போதாதா?" என்றார்.

இமாம் ராகிபின் அகராதியை அன்றிரவு யாம் எடுத்துப் பார்த்தது இதனாலேதான். ஒரே சொல் அரியணைக்கும் படுக்கைக்கும் பாடைக்கும் பொதுவாயிருக்க, உம்மா நடுவிலுள்ளதை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போகப் பார்க்கின்றாரே என்னும் துயரம் எம்மை வாட்டியது. அவர் காலுக்கு அளவான கட்டில் கடையில் இல்லையெனில் வீட்டிலேயே செய்வது என்று அப்பொழுது முடிவு செய்தோம்.

மரம் வீட்டிலேயே இருந்தது. எம் கொல்லையில் ஒரு பூவரசு நின்றது. உம்மா மணமான புதிதில் ஒரு போத்தை ஒடித்து வந்து நட்டு, கிணற்றுநீர் ஊற்றி வளர்த்தது. காலையில் மஞ்சளாய்ப் பூத்து மாலையில் செந்நிறமாய் மாறும் அதன் மலர்களைப் பார்த்தே அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலுள்ள பொழுதை அளந்த காலம் உண்டு. எங்கள் பிள்ளைப்பருவத்தில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத நாளில்லை. அதன் கிளையில் கட்டிய ஊஞ்சலில் எங்கள் தலைமுறையும் ஆடிற்று. எங்கள் மக்கள் தலைமுறையும் ஆடிற்று.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜாப் புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வாரிச் சுருட்டியதை நேயர்கள் அறிவர். ஒரே இரவில் ஓராயிரம் குடும்பங்களின் சோறு சாய்ந்தது. அந்த இரவில் எம் பூவரசும் வேரோடு வீழ்ந்தது. விடிந்ததும் உம்மா கொல்லைப்புறம் வந்து சிறிது நேரம் நின்றார். "வீட்டு மேல சாயாம அந்தப் பக்கமா சாஞ்சுதே, அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விறகுக்கு விலை பேச வந்தவர்களுக்கு யாம் கொடுக்கவில்லை. பூவரசின் நடுவைரம் கருஞ்சிவப்பாய் உறுதி மிக்கது; வண்டிக்கும் படகுக்கும் நம் முன்னோர் பயன்படுத்தியது. அடிமரத்தை அறுவை ஆலைக்குக் கொண்டுபோய், சிலவற்றை 3 அங்குலக் கனத்திலும் மற்றவற்றை ஒன்றரை அங்குலக் கனத்திலும் அறுத்து வந்தோம். பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேரே அடுக்காமல், இடையிடையே குச்சிகள் வைத்துக் காற்று ஊடாடும்படி கொட்டகையில் அடுக்கினோம். வெட்டுமுனை வழியாகவே மரம் விரைந்து உலர்ந்து வெடிக்குமாதலின் முனைகளுக்கு வண்ணம் பூசி வைத்தோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலரவேண்டும் என்பது தச்சர்கள் வழங்கும் கணக்கு. எம் பலகைகளோ ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. என்ன செய்வது என்று தெரியாமலே காத்து வைத்த மரம், தனக்குரிய வேலை வந்ததும் பக்குவமாய் இருந்தது. 2024இல் வேலையைத் தொடங்கினோம்.

தச்சு வேலை இழிவன்று. ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராய் இருந்தார்கள் என்று முஸ்லிம் நூலில் வரும் நபிமொழி கூறுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மிம்பர், மதீனாவை அடுத்த காட்டிலிருந்து கொண்டுவந்த மரத்தால் ஒரு தச்சர் கைகளில் உருவானது. அத்தனை பெரியோர் தொட்ட உளியைத் தொட யாம் ஏன் நாணவேண்டும்? எனினும் ஆர்வம் வேறு, அறிவு வேறு. ஆகையால் தெருக்கோடியில் இருக்கும் முதிய ஆசாரி ஒருவரை அணுகினோம். கண் மங்கித் தொழிலை விட்டுவிட்டவர். எம் பழைய நண்பர். "நீங்கள் செய்ய வேண்டாம், உட்கார்ந்து சொல்லுங்கள், யாம் செய்கின்றோம்" என்றோம். அவருக்கு அது பிடித்திருந்தது. நாள்தோறும் அஸருக்குப்பின் திண்ணையில் வந்து அமர்ந்துவிடுவார். பத்தாம் வகுப்பில் பயிலும் எம் மகளும் வந்து சேர்ந்துகொண்டாள்.

முதலில் மரத்தைத் தேர்ந்தார். பலகையின் ஓரத்தில் உள்ள வெள்ளைப் பகுதியை முழுதும் அறுத்து நீக்கச் சொன்னார். அந்த வெண்மரத்தில் மாச்சத்து மிகுதி; அதை உண்ணவே வண்டு துளைக்கும்; மரம் உளுத்து மாவாய் உதிரும். வைரத்துக்கு அந்தக் கேடு பெரும்பாலும் இல்லை. பிறகு இழைக்கக் கற்பித்தார். "மரத்தோட ஓட்டத்தைப் பார்த்து அது போற பக்கமா இழைங்க ஹஜ்ரத்து. எதிர்த்து இழைச்சா செதிலு பிடுங்கிக்கும்" என்றார். பார்வை மங்கிய அவர், இழைத்த பலகையின் மீது விரல் நுனியை ஓடவிட்டே ஓட்டத்தின் திசையைச் சொல்லிவிடுவார்.

அளவுகளை எம் மகள் எழுதிக்கொண்டாள். பலகையின் மேல்மட்டம் 14 அங்குலம், அதன்மேல் 2 அங்குல இலவம்பஞ்சு மெத்தை, ஆக 16. முழங்கால் மடிப்பைவிட ஓர் அங்குலம் மேலாக இருந்தால் எழுவது எளிது. உள்நீளம் 6 அடி, வெளி அகலம் 3 அடி. கால்கள் நான்கும் 3 அங்குலச் சதுரம். சட்டங்கள் 5 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். தலைமாட்டுக் கால்களுள் உம்மா இறங்கும் பக்கத்துக் காலை மட்டும் தரையிலிருந்து 32 அங்குலம் உயரவிட்டோம். அது அவர் பற்றி எழுவதற்கான கைத்தடி. கடையில் எந்தக் கட்டிலுக்கும் இல்லாத உறுப்பு அது. பார்ப்பவர்கள் "ஏன் ஒரு கால் மட்டும் நீண்டிருக்கிறது?" என்று கேட்பார்கள். எவருக்காகச் செய்யப்பட்டதோ அவர் கேட்கமாட்டார்.

சட்டத்தையும் காலையும் இணைப்பதுதான் கட்டிலின் உயிர். காலில் துளை, சட்டத்தின் முனையில் அத்துளைக்குள் புகும் நாக்கு. சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கே நாக்கின் கனம். எனவே அரை அங்குலம். நீளம் 2 அங்குலம். ஒரே காலில் இரு பக்கங்களிலிருந்தும் நாக்குகள் புகுவதால் உள்ளே ஒன்றையொன்று முட்டும். முட்டாதிருக்க நுனிகளைச் சாய்வாய்ச் சீவவேண்டும். கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டி எட்டுத் துளைகளை எடுப்பதற்குள் எட்டு மாலைகள் சென்றன.

அந்த மாலைகளில் எமக்கு ஒன்று தோன்றிற்று. முதல் வகுப்பு மாணவர்களுக்கு யாம் நஹ்வு நடத்தும்போது, முளாஃப் ஆகும் சொல் தன் தன்வீனை இழந்த பின்னரே அடுத்த சொல்லோடு இணையும் என்று சொல்லிக் கொடுப்போம். சட்டமும் அப்படியே. தன்னிலிருந்து மூன்றில் இரு பங்கைச் செதுக்கிக் கொடுத்த பின்னரே அது காலுக்குள் புகுகின்றது. காலும் தன் நெஞ்சைக் குடைந்து இடம் தருகின்றது. இரண்டும் முழுமையாய் இருப்பேன் என்றால் கட்டில் நில்லாது. எம் மாணவர் சிலருக்கு இப்பாடம் புத்தகத்தில் விளங்காதது கட்டில் காலில் விளங்கிற்று.

பொருத்தியபின் ஆணியோ பசையோ இடவில்லை. காலிலும் நாக்கிலும் துளையிட்டு மூங்கில் முளை அடித்தோம். இதில் ஆசாரியார் ஒரு நுட்பம் காட்டினார். காலில் இட்ட துளைக்கு நேராக நாக்கில் துளையிடாமல், அரை நூல் அளவு சட்டத்தின் பக்கமாகத் தள்ளி இடச் சொன்னார். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. முளையை அடிக்கும்போது அது அந்த அரை நூல் வேற்றுமையைச் சரிசெய்ய முயன்று நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும், பொருத்து இறுகும். மரம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்தாலும் பிடி தளராது.

குறுக்குப் பலகைகளை எம் மகளே கணக்கிட்டாள். 6 அடி என்பது 72 அங்குலம். பலகை ஒன்று 3 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். "வாப்பா, பதினாலு பலகை வச்சா நாப்பத்திரண்டு. மிச்சம் முப்பது. பதினஞ்சு இடைவெளி, ஒண்ணு ரெண்டு அங்குலம்" என்றாள். காகிதத்தில் சரியாய் வந்தது. கட்டிலிலும் சரியாய் வந்தது. இடைவெளி இருப்பதால் மெத்தையின் அடியில் காற்று புகும்; வேர்வையால் பஞ்சு புழுங்காது.

தலைமாட்டுப் பலகையை யாம் நேராக அறுக்கவில்லை. கிளை பிரியும் கவட்டுப் பகுதியிலிருந்து எடுத்த பலகை அது. மரம் வளர்ந்த வளைவு அப்படியே மேல்விளிம்பாய் நிற்கின்றது. நடுவே ஒரு கணு கண்போல் இருக்கின்றது. அதை இறுக்கி அடிக்காமல், சட்டத்தில் வெட்டிய காடியில் தளர்வாய்ச் செருகியிருக்கின்றோம். மரம் நீளவாக்கில் அனேகமாய் மாறுவதில்லை. அகலவாக்கிலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும், சித்திரை, வைகாசி வெயிலில் சுருங்கும். அசைய இடம் கொடுத்தால் அசைந்து நிற்கும்; இறுக்கினால் வெடிக்கும். பிள்ளை வளர்ப்போருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

உப்புத்தாள் கொண்டு விளிம்புகளை மழுக்கி, ஆளி விதை எண்ணெயைத் துணியால் தேய்த்து மூன்று முறை ஊட்டினோம். வீட்டில் செய்து பார்க்க விழைவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட்ட பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

எல்லாம் முடிய நாற்பது மாலைகள் ஆயின. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த தேர்ச்சக்கரத்தைப்பற்றி ஔவையார் பாடியிருக்கின்றார். எட்டுத் தேர் செய்யும் திறம் எமக்கு ஏது? கடைக்காரர் ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கியிருப்பார் என்று சொன்னவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அந்த நாற்பது மாலைகளிலும் உம்மா தம் நாற்காலியைத் திண்ணைக்கு அருகே போடச் செய்து, உளியோசையைக் கேட்டுக்கொண்டு எம்மோடு அமர்ந்திருந்தார். ஆசாரியாரும் அவரும், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊர் இருந்த இருப்பைப் பேசித் தீர்த்தார்கள். அந்த மாலைகளையும் கடையில் வாங்கியிருக்க முடியாது.

கட்டில் என்றதும் நம் குடும்பங்களில் பலருக்கு நினைவில் எழுவது வேறொன்று. அது சீர்வரிசை. மணமகள் வீட்டிலிருந்து கட்டிலும் மெத்தையும் பீரோவும் ஊர்வலமாய்ப் போவதைப் பெருமையென்று கருதுகின்றோம். பெண்ணைப் பெற்றவன் அதற்காகக் கடன்படுகின்றான். நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் நஃபகாவைப்பற்றிய பாடத்தைத் திறந்து பார்த்தால், மனைவிக்குரிய விரிப்பும் படுக்கையும் தலையணையும் கணவனின் கடமைகளுள் எண்ணப்பட்டிருக்கக் காணலாம். கடன் யார்மீது இருக்கின்றதோ அவர் கைநீட்டி வாங்குகின்றார். யார்மீது இல்லையோ அவர் விற்றுக் கொடுக்கின்றார். ஒருநாள் இதனை யாம் ஆசாரியாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்த எம் மகள் தலைநிமிராமலே சொன்னாள்: "என் கலியாணத்துல கட்டில் கேட்டாங்கன்னா, உளியைக் கொடுத்து அனுப்பிருங்க வாப்பா." ஆசாரியார் விழுந்து விழுந்து சிரித்தார். யாம் சிரித்தோம், ஆயினும் அன்றிரவு வெகுநேரம் அச்சொல் எம் நெஞ்சில் நின்றது. தன் கையால் ஒன்றைச் செய்யத் தெரிந்த பெண்ணை விலைபேசுவது கடினம்.

நாயகம் (ஸல்) அவர்களின் படுக்கை, ஈச்சநார் அடைத்த தோல் விரிப்பு என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். அவர்கள் பாயில் படுத்து எழுந்தபோது விலாவில் பாயின் தழும்பு பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் விட்ட செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. இதனை உம்மா எமக்குச் சுட்டிக் காட்டினார். "நாயகமே பாயில படுத்தாங்க. எனக்கு மட்டும் ஏன்?" என்றார். யாம் மறுமொழி சொன்னோம்: "உம்மா, அந்தத் தழும்பைப் பார்த்து உமர் அழுதார்களே, சும்மா இருக்கவில்லையே. பிள்ளைகள் அழக்கூடாது என்றாவது நீங்கள் ஏறிப் படுக்கவேண்டும்." எளிமை என்பது ஆடம்பரத்தை விடுவது, வலியைத் தேடுவதன்று. இந்தக் கட்டிலில் ஆடம்பரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே விரித்த பாயும் பத்தமடைக் கோரையில் நெய்த பாய்தான். அதை நெய்வோரும் பெரும்பாலும் நம்மவரே.

கட்டிலை உம்மாவின் அறையில் இட்ட அன்று அவர் பேச்சில்லாமல் அதைச் சுற்றி வந்தார். தலைமாட்டுப் பலகையில் கையை வைத்தார். கவட்டை ஒட்டிக் குறுக்கே ஓடிய ஒரு கருங்கோட்டில் அவர் விரல் நின்றது. அது எந்தக் கோடு என்று எமக்கு விளங்கவில்லை. "ஊஞ்சக் கயிறு அறுத்த இடம்" என்றார் உம்மா. கயிறு உரசிய காயத்தை மரம் ஆண்டுக்கணக்கில் மூடி வளர்ந்திருக்கின்றது; அறுத்தபோது அது வெளிப்பட்டிருக்கின்றது. நாற்பது நாள் அப்பலகையைத் தேய்த்த எங்கள் மூவருக்கும் தெரியாதது, நட்டவருக்குத் தொட்டவுடன் தெரிந்தது.

பிஸ்மி சொல்லி அமர்ந்தார். பாதம் இரண்டும் தரையில் படிந்தன. நீண்ட காலைப் பற்றினார், எழுந்தார். மறுபடியும் அமர்ந்தார், மறுபடியும் எழுந்தார். சிறுபிள்ளை புதுச்செருப்பைப் போட்டுப் பார்ப்பது போல நாலைந்து முறை எழுந்து அமர்ந்து பார்த்தார். பின்னர், "சரி, எல்லாரும் போங்க. நான் படுக்கணும்" என்றார்.

அன்றிரவு யாம் அடுத்த அறையில் விழித்தே கிடந்தோம். மூன்று மணி இருக்கும். கட்டிலிலிருந்து ஒரு முனகலும் வரவில்லை; நன்றாய் இறுகிய பொருத்து ஓசை எழுப்பாது. தரையில் காலடி ஓசை கேட்டது. ஒளூச் செய்யும் நீர் விழும் ஓசை கேட்டது. பிறகு தக்பீர். யாரையும் அவர் அழைக்கவில்லை.

இளவல் ஊருக்கு வந்தபோது கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் அனுப்பவிருந்த பணத்தை என்ன செய்வது காக்கா?" என்று கேட்டார். பள்ளிவாசலில் முதியோர் தொழும் நாற்காலிகள் எல்லாம் ஒரே உயரமாய் இருக்கின்றன. வெவ்வேறு உயரத்தில் ஆறு நாற்காலிகள் செய்ய மரம் வாங்கலாம் என்றோம். அந்த வேலை இப்பொழுது நடந்துகொண்டிருக்கின்றது. ஆசாரியார் அஸருக்குப்பின் திண்ணைக்கு வருகின்றார்.

நேயர்கள் அனைவரும் உளி பிடிக்கவேண்டும் என்று யாம் சொல்ல வரவில்லை. மரம் எல்லார் கொல்லையிலும் இராது, நேரமும் இராது. ஆனால் எல்லார் இல்லத்திலும் ஒரு முதியவர் இருப்பார். அவர் உட்கார்ந்திருக்கும்போது, முழங்கால் மடிப்புக்கும் தரைக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள். பிறகு அவர் படுக்கும் இடத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை எவ்வளவோ, அவ்வளவையும் அவர் ஒவ்வோர் இரவும் யாரிடமும் சொல்லாமல் கடந்துகொண்டிருக்கின்றார்.